வாக்குச்சாவடியில் முன்வரிசை, ஊர்க்கூட்டத்தில் இடமில்லை

ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட ஒரு மீனவ ஊரைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “பெண்களின் உரிமை வலுவாக இருக்கும் நாடுகளில்தான் மக்களாட்சியும் நலமாக இருக்கிறது என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். எங்கள் ஊரில் தேர்தல் நாளன்று ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் வாக்களிக்கிறார்கள். ஊராட்சித் தலைவராகவும் ஒரு பெண் இருந்தார். ஆனாலும் ஊர்க்கூட்டத்தில் இன்றுவரை ஒரு பெண் உட்கார்ந்து பேசியதில்லை. அப்படியென்றால் உலகம் முழுவதற்கும் சொல்லப்படும் அந்தத் தொடர்பு உண்மைதானா? எங்கள் ஊருக்கு மட்டும் அது ஏன் பொருந்தவில்லை?”

உங்கள் பேராசிரியர் சொன்னது உண்மை. உங்கள் ஊருக்கும் அது பொருந்தும். ஆனால் அந்தத் தொடர்பை வாக்குப்பதிவு விகிதத்திலோ, தலைவர் நாற்காலியில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்பதிலோ தேடினால் கிடைக்காது. ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடைப்பட்ட நாட்களில், தன்னைப் பாதிக்கும் ஒரு முடிவை ஒரு பெண் பலர் முன்னிலையில் மறுத்துப் பேச முடிகிறதா, பேசிய பிறகு அச்சமின்றி வீடு திரும்ப முடிகிறதா என்ற இடத்தில்தான் அதைத் தேட வேண்டும். அந்த இடத்தை நீங்களே கண்டுபிடித்துக் கேள்வியாக எழுதியிருக்கிறீர்கள் என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். 2024 மக்களவைத் தேர்தலின்போது தமிழ்நாட்டின் வாக்காளர் பட்டியலில் பெண்கள் சுமார் 3.17 கோடி, ஆண்கள் சுமார் 3.06 கோடி. பட்டியலிலேயே பெண்கள் பல லட்சம் அதிகம். நம் கடற்கரையில் வாக்குச்சாவடிகளில் பெண்கள் வரிசை நீண்டிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: குடும்பத்து ஆண்களில் பலர் வளைகுடா நாடுகளிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர் ஊருக்கு வந்தால்தான் வாக்களிக்க முடியும். ஆகவே பெண்கள் அதிகம் வாக்களிப்பதை மட்டும் வைத்து அவர்களின் குரல் ஓங்கியிருக்கிறது என்று முடிவு கட்ட இயலாது. அதே தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். 2024 மக்களவையின் 543 இடங்களில் பெண்கள் 74 பேர். உலக நாடாளுமன்றங்களில் பெண்களின் சராசரிப் பங்கு 1995-இல் 11 சதவீதத்தை ஒட்டி இருந்தது, 2025-இல் 27 சதவீதத்தைத் தொட்டிருக்கிறது. வாக்கு நம்மிடம் நிறைய இருக்கிறது, இருக்கை குறைவாக இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, எண்ணுவதற்குக் கடினமான பேச்சு என்ற ஒன்று இருக்கிறது.

ஊர்க்கூட்டத்தை நடத்தும் ஊர்க்கமிட்டி என்னென்ன முடிவுகளை எடுக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். எந்த வலையை அனுமதிப்பது, எந்த நாளில் கடலுக்குப் போகக்கூடாது, விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் தகராறு வந்தால் யாருக்கு எவ்வளவு அபராதம், திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி என்பவை மட்டுமல்லாமல், கணவன் மனைவி பிரிவு, வாங்கிய நகை, விட்டுப்போன பெண்ணின் பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும் என்பவையும் அங்கேயே பேசி முடிக்கப்படுகின்றன. தலைக்கட்டு என்ற கணக்கில் குடும்பம் ஆணின் பெயரால் எண்ணப்படுகிறது. கணவனை இழந்தவளின் வீட்டைப் பல ஊர்களில் அரைத் தலைக்கட்டு என்கிறார்கள், அல்லது கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வரியில் சலுகை என்று இதை நியாயப்படுத்துவோர் உண்டு. ஆனால் வரியிலிருந்து விலக்கப்பட்டவர் பேச்சிலிருந்தும் விலக்கப்படுகிறார் என்பதுதான் நடைமுறை. பள்ளிவாசல் ஜமாஅத்துகளிலும் தெருச் சங்கங்களிலும் முறை சற்று மாறலாமே தவிர, தன்னைப் பற்றிய வழக்கில்கூட ஒரு பெண் நேரில் பேசாமல் அண்ணனோ மாமாவோ அவளுக்காகப் பேசுவது எல்லாச் சமயத்தாரிடமும் பொதுவாகவே இருக்கிறது.

இந்த நிலை நம் கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. மக்களாட்சியின் பழைய வீடு என்று புகழப்படும் சுவிட்சர்லாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1893-இல் நியூசிலாந்துப் பெண்களும் 1906-இல் பின்லாந்துப் பெண்களும் வாக்குரிமை பெற்றுவிட்ட பிறகும், சுவிட்சர்லாந்தின் ஆண்கள் 1959-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்த்து வாக்களித்து, பெண்களுக்கு அந்த உரிமையை மறுத்தார்கள். தேசிய அளவில் 1971-இல்தான் அது கிடைத்தது. அந்நாட்டின் அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சிறு மாநிலத்தில் ஆண்டுதோறும் ஆண்கள் ஊர்ச் சதுக்கத்தில் திறந்த வெளியில் கூடி, கையை உயர்த்திச் சட்டங்களை முடிவு செய்வார்கள். இடுப்பில் வாளுடன் வருவது அங்கே வாக்குரிமையின் அடையாளம். பெண்களைச் சேர்ப்பதா என்று 1990 ஏப்ரலிலும் அதே கூட்டத்தில் கேட்கப்பட்டது. கைகள் மறுப்பாகவே உயர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, இது அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்த பிறகு, 1991-இல் பெண்கள் முதன்முறையாக அந்தச் சதுக்கத்தில் நின்றார்கள். நேரடி மக்களாட்சி என்று உலகம் வியந்த ஒரு கூட்டம், தன்னில் பாதிப்பேரை வெளியே நிறுத்தியதைத் தானாக ஒருபோதும் திருத்திக்கொள்ளவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் பெரும்பான்மையைக் கேட்டு வெளியே இருப்பவர்களுக்கு உரிமை வழங்கும் முறை, பல வேளைகளில் உரிமையை மறுக்கும் முறையாகவே முடிகிறது.

பாதிப்பேர் பேசாத ஓர் ஆட்சிக்கு என்ன கேடு வருகிறது? நியாயம் என்ற அடிப்படையில் மட்டும் பலர் இதற்குப் பதில் சொல்வார்கள். நான் அறிவு என்ற அடிப்படையிலும் சொல்வேன். ஆட்சி என்பது யாருக்கு எங்கே வலிக்கிறது என்ற செய்தியைச் சேகரித்து அதற்கேற்பப் பணத்தையும் ஆளையும் அனுப்பும் வேலை. அந்தச் செய்தி பாதி வரவில்லையென்றால் பணம் தவறான இடத்துக்குப் போகும். நம் மாவட்டத்தில் குடிநீரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போகிறவர்கள், ஊற்றுத் தோண்டி அகப்பையால் தண்ணீர் மொண்டு எடுக்கிறவர்கள், குழாயில் காவிரித் தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்று தூக்கம் விட்டுக் காத்திருக்கிறவர்கள் பெண்கள். எந்தத் தெருவின் குழாயில் காற்று மட்டும் வருகிறது, எந்தக் கிணற்றில் உப்பேறிவிட்டது என்ற நுட்பமான விவரம் அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் இல்லாத கூட்டத்தில் மேல்நிலைத் தொட்டி எங்கே கட்டுவது என்று முடிவெடுத்தால், அது யாருடைய வீட்டுப் பக்கம் எழும் என்பது தெரிந்ததே.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு நம் நாட்டிலிருந்தே சான்று கிடைத்திருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. எந்த ஊராட்சி பெண்களுக்கு என்பது சுழற்சி முறையில், ஊரின் குணத்துக்குத் தொடர்பில்லாமல் அமைந்ததால், பெண் தலைமை வகித்த ஊர்களையும் மற்ற ஊர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. ராகவேந்திர சட்டோபாத்தியாயாவும், பின்னாளில் பொருளியல் நோபல் பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வு, பெண்கள் தலைமை வகித்த ஊராட்சிகளில் குடிநீர்ப் பணிகள் கூடுதலாக நடந்திருப்பதைக் காட்டியது. இரு மாநிலங்களிலும் பெண்கள் முன்வைத்த முறையீடுகளில் குடிநீர் முன்னணியில் இருந்தது. சாலையைப் பொறுத்தவரை முடிவு இரு இடத்திலும் ஒன்றாக இல்லை. மேற்கு வங்கத்தில் பெண்கள் சாலையையும் வலியுறுத்திக் கேட்டார்கள், அங்கே சாலைப் பணியும் கூடியது. ராஜஸ்தானில் சாலை ஆண்களின் கோரிக்கையாக இருந்தது, அங்கே அது கூடவில்லை. பெண்கள் இயல்பிலேயே நல்லவர்கள், ஊழல் செய்யாதவர்கள் என்ற பழைய புகழ்ச்சியை நான் ஏற்பதில்லை. அந்தப் புகழ்ச்சியில் அவர்களை மீண்டும் பீடத்தில் ஏற்றி வாயடைக்கும் தந்திரம் இருக்கிறது. இந்த ஆய்வு சொல்வது அதைவிட எளிய, உறுதியான செய்தி: யார் அமர்கிறார்களோ அவர்களுக்குத் தெரிந்த வலி கவனிக்கப்படுகிறது. அமெரிக்காவில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு மாநிலமாகப் பெண்கள் வாக்குரிமை பெற்றபோது, பொதுச் சுகாதாரச் செலவு உயர்ந்து குழந்தை இறப்பு 8 முதல் 15 சதவீதம் குறைந்ததாக 2008-இல் வெளியான ஆய்வும் இதையே காட்டுகிறது.

இதற்கு வரும் நியாயமான எதிர்க்கேள்வி ஒன்றுண்டு. செல்வமும் கல்வியும் பெருகிய நாடுகளில் பெண்ணுரிமையும் வளர்கிறது, மக்களாட்சியும் வளர்கிறது. இரண்டும் ஒரே காரணத்தின் இரு விளைவுகளாக இருக்கலாம் அல்லவா? ஓரளவு அப்படித்தான். நாடுகளை வரிசையாக அடுக்கி, இது உயர்ந்தால் அதுவும் உயர்கிறது என்று காட்டும் படங்களை எச்சரிக்கையுடன்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் ஒரே நாட்டுக்குள், ஒரே சட்டத்தின் கீழ், தலைமை மட்டும் மாறிய ஊராட்சிகளின் சான்றை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அடுத்து, உங்கள் ஊரில் ஒரு பெண் தலைவராக இருந்தாரே, அப்படியும் ஏன் மாறவில்லை என்பதற்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ஒதுக்கீடு 2016-இல் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டு, 2019 டிசம்பர் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. பெண் உறுப்பினர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. அங்கே ஒரே மாதிரியான நிலைமைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். யார் நிற்பது என்பதை ஆண்கள் மட்டும் கூடிய ஊர்க்கூட்டம் முடிவு செய்திருந்தது. சில ஊர்களில் பதவியை ஏலம் விட்டு, கோயில் நிதிக்குப் பணம் கட்டியவரின் மனைவியோ தாயோ வேட்பாளர் ஆனார். வென்ற பிறகு கணவர் “தலைவர்” என்று அழைக்கப்பட்டார். தீர்மானப் பதிவேடு வீட்டுக்கு வந்து கையெழுத்துப் பெற்றுக்கொண்டு திரும்பிச் சென்றது. வகுப்பில் அமைதியாக இருந்த ஒருவர், தேநீர் இடைவேளையில், காசோலையில் தம்முடன் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய துணைத்தலைவர் மாதக்கணக்கில் கையெழுத்திட மறுத்துத் தெருவிளக்குப் பணியை முடக்கியதைச் சொன்னார். அடக்கம் என்று வெளியில் தெரிந்தது, உண்மையில் வழியடைப்பு.

ஆயினும் ஒதுக்கீடு வீண் என்று சொல்கிறவர்களோடு நான் முற்றிலும் மாறுபடுகிறேன். முதல் ஆண்டில் கையெழுத்து மட்டும் போட்டவர்கள் மூன்றாம் ஆண்டில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் தாமே மதிப்பீட்டுத் தாளை விரித்துப் பேசியதைப் பார்த்திருக்கிறேன். மேற்கு வங்கத்தில் நடந்த மற்றோர் ஆய்வு, இரண்டு முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் பெற்றோர் மகளுக்காக வைத்திருந்த கனவும் மகள் தனக்காக வைத்திருந்த கனவும் உயர்ந்ததை 2012-இல் பதிவு செய்தது. பழக்கம் என்பது காலம் கேட்கும். அந்தக் காலத்தைத்தான் நம் மாநிலம் தர மறுக்கிறது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்தல் இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் நம் மாவட்டத்து ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களின் கையில் போயின. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போகும்போது கட்சிக்காரருக்கு வேறு மேடைகள் உண்டு. கடற்கரை ஊரின் ஒரு பெண் வார்டு உறுப்பினருக்கு அந்த ஒன்றைத் தவிர வேறு மேடை இல்லை. மக்களாட்சி நோய்ப்படும்போது முதலில் இழப்பது யார் என்பதற்கு உலகம் சுற்ற வேண்டாம், இதுவே போதும்.

உச்சியில் ஒரு பெண் இருந்தால் போதும் என்ற எண்ணமும் இதேபோல் ஆராயத்தக்கது. வேலு நாச்சியார் பிறந்த மண் இது. அவரை நினைத்துப் பெருமைப்படாதவர் இங்கே இல்லை. ஆனால் அரசி ஆண்டதால் அக்காலத்துக் குடியானவப் பெண்ணுக்கு நிலமோ சொல்லோ கிடைத்துவிடவில்லை. உலகின் முதல் பெண் பிரதமர் 1960-இல் நமக்கு மிக அருகில், பாக் நீரிணைக்கு அப்பால் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்கா. 1931-லேயே ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வழங்கிய தீவு அது. ஆசியாவில் பலருக்கும் அது முன்னோடி. அதே தீவு 1948-இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து, மலையகத் தோட்டங்களில் உழைத்த லட்சக்கணக்கான இந்திய வம்சாவளித் தமிழரை நாடற்றவராக்கியது. அவர்களில் பலரின் முன்னோர் நம் மாவட்டத்திலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் மண்டபம் முகாம் வழியாகப் போனவர்கள். 1964-இல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்பாடு, சுமார் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3 லட்சம் பேரை இலங்கை ஏற்கவும், மீதிப்பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளவும் முடிவு செய்தது. கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எந்தக் கரையில் வாழ விரும்புகிறாய் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. முடிவெடுத்த இருவரில் ஒருவர் பெண் என்பதால் அந்தப் பெண்களின் வாழ்வில் எந்த வேறுபாடும் ஏற்படவில்லை. நம் நாட்டில் 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை பத்திரிகையின் வாயைக் கட்டி, எதிர்க்கட்சியினரைச் சிறையிலிட்ட நெருக்கடி நிலையும் ஒரு பெண் பிரதமரின் ஆட்சியில்தான் நடந்தது.

எண்ணிக்கையே உரிமை என்று மயங்குவதற்கும் ருவாண்டா ஒரு தடை. அந்நாட்டின் நாடாளுமன்றக் கீழவையில் 2008 முதல் பெண்களே பெரும்பான்மை, 2013-இல் ஏறத்தாழ 64 சதவீதம். சொத்துரிமை போன்றவற்றில் அவர்கள் சட்டங்களை மாற்றியதும் உண்மை. ஆனால் 2000 முதல் ஒரே குடியரசுத் தலைவர் ஆளும் அந்நாட்டில் ஆட்சியை வெளிப்படையாக எதிர்ப்பவர் ஆணானாலும் பெண்ணானாலும் சிறையை எதிர்நோக்க வேண்டியிருக்கிறது. சவூதி அரேபியாவில் 2018 ஜூனில் பெண்கள் கார் ஓட்டலாம் என்று அனுமதி வந்தது. அந்த அனுமதிக்காக ஆண்டுக்கணக்கில் போராடிய லுஜைன் அல்ஹத்லூல் உள்ளிட்ட பெண்கள் அதற்குச் சில வாரங்களுக்கு முன், மே மாதத்தில் கைது செய்யப்பட்டார்கள். அரசு தெரிவித்த செய்தி தெளிவானது: தருவதை வாங்கிக்கொள்ளலாம், கேட்கக்கூடாது. மேலிருந்து பரிசாக வரும் சலுகைக்கும், கேட்டு வாதாடிச் சட்டமாக்கிக்கொண்ட உரிமைக்கும் உள்ள வேறுபாடு இங்கே பட்டப்பகலாகத் தெரிகிறது. நம் ஊரில் மாதந்தோறும் வங்கிக் கணக்கில் வரும் மகளிர் உரிமைத்தொகையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அது பல வீடுகளில் பெண்ணின் கையில் முதன்முதலாக நிற்கும் சொந்தப் பணம். ஆனால் பட்டியலில் ஏன் என் பெயர் விடுபட்டது என்று அலுவலகத்தில் அச்சமின்றிக் கேட்க முடிகிற அளவுக்குத்தான் அது உரிமையாகிறது.

எதிர்த்திசையிலும் இந்தத் தொடர்பு இயங்குகிறது. மக்களாட்சியைச் சுருக்க நினைப்பவர்கள் பெண்களின் உரிமையில் கை வைக்காமல் போவது அரிது. ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டில் தாலிபான் திரும்பியதும் பெண்கள் நல அமைச்சகம் கலைக்கப்பட்டு, அந்தக் கட்டடத்தில் நன்னடத்தையைக் காவல் காக்கும் அமைச்சகம் குடியேறியது. பெண் பிள்ளைகளின் உயர்நிலைக் கல்வி நின்றது, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. துருக்கி, பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் இஸ்தான்புல் உடன்படிக்கையை முதலில் ஏற்ற நாடு. 2021-இல் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு இல்லாமல், குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்றால் அதிலிருந்து விலகியது. அதிகாரம் ஒருவர் கையில் குவிந்ததும் பெண்களின் பாதுகாப்பு ஓர் இரவில் எழுதப்படும் ஆணைக்குக் கட்டுப்பட்டதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள். போலந்தில் 2015 முதல் நீதிமன்றங்களை ஆளுங்கட்சி தன் பிடிக்குள் கொண்டுவந்தது, அப்படி மாற்றியமைக்கப்பட்ட அரசமைப்புத் தீர்ப்பாயம் 2020 அக்டோபரில் கருக்கலைப்பை ஏறத்தாழ முழுவதுமாகத் தடை செய்தது. தெருவில் இறங்கிய பெண்கள் பிறகு வாக்குச்சாவடிக்கும் வந்தார்கள். 2023 அக்டோபர் தேர்தலில் 74 சதவீதம் வாக்குகள் பதிவாகி, 1989-க்குப் பிறகு மிக உயர்ந்த பதிவாக அமைந்தது. அந்த ஆளுங்கட்சி பெரும்பான்மையை இழந்தது.

ஏன் இப்படி? அதிகாரத்தின் முதல் பாடம் வீட்டில் நடக்கிறது. ஒருவர் சொல்வதை மற்றவர்கள் கேட்டுக்கொள்வதே ஒழுங்கு, எதிர்த்துக் கேட்பது அவமரியாதை என்று வளரும் பிள்ளை, பின்னாளில் ஒரு தலைவரிடமும் அதையே எதிர்பார்க்கிறது. பினோசே என்ற தளபதியின் கொடுங்கோலாட்சிக்கு எதிராக 1980-களில் சிலி நாட்டுப் பெண்கள் எழுப்பிய முழக்கம் இதை ஒரே வரியில் சொன்னது: நாட்டிலும் மக்களாட்சி, வீட்டிலும் மக்களாட்சி. 1988-இல் அவருடைய ஆட்சி நீடிக்கலாமா என்ற பொதுவாக்கெடுப்பில் 55 சதவீதத்துக்கும் மேலானோர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி காணாமல் ஆக்கிய பிள்ளைகளைத் தேடி, 1977 முதல் தாய்மார்கள் வியாழக்கிழமைதோறும் தலைநகரின் சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். கட்சிகளும் சங்கங்களும் அடக்கப்பட்டிருந்த நேரத்தில் அரசிடம் வெளிப்படையாகக் கணக்குக் கேட்டவர்கள் அவர்கள். கடலில் சிறைபிடிக்கப்பட்ட கணவனையோ மகனையோ மீட்கக் கோரி ராமேசுவரத்திலும் தங்கச்சிமடத்திலும் பெண்கள் சாலையில் அமர்வதை நாம் பார்க்கிறோம். அன்று மட்டும் அவர்கள் முன்வரிசையில் வைக்கப்படுகிறார்கள். மறுநாள் கோரிக்கைகளை எழுதும் கூட்டத்துக்கு அவர்களை அழைப்பதில்லை.

நம் கடற்கரையிலேயே இதை மாற்றிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். பாம்பன், சின்னப்பாலம், மண்டபம், வேதாளை, ஏர்வாடி பக்கத்தில் பாசி எடுக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று அவர்கள் பெயரிட்டு அறியும் பாசிகளை, கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சை அடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பறிக்கிறார்கள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை, ஏனென்றால் ஏட்டில் மீனவர் என்றால் வலையோடு கடலுக்குப் போகும் ஆண். கட்டுப்பாடு இறுகியபின் தலைமுறையாகப் போன தீவுகளில் அவர்கள் குற்றவாளிகளானார்கள், படகும் பாசியும் பறிபோயின. அவர்கள் அழுது மட்டும் நிற்கவில்லை. ஊர்தோறும் கூடி, கூட்டமைப்பாகி, தொழிற்சங்கத்தோடு சேர்ந்து, வனத்துறையிடமும் ஆட்சியரிடமும் பேசினார்கள். அதற்கு முன் தங்களுக்குள் விதி வகுத்துக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாட்கள் மட்டும் போவது, உயிரினங்கள் பெருகும் காலத்தில் நிறுத்திக்கொள்வது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியை விட்டுக் கையால் பறிப்பது. சின்னப்பாலத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு 2015-இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு தீவுச் சூழல் காப்புக்கான தன் பரிசை அளித்தது. கடலைக் காக்க விதி செய்யும் அறிவு அவர்களிடம் இருந்தது, அதைக் கேட்கும் செவி அரசிடம் இல்லாதிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தங்களையும் மீனவராகப் பதிவு செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை அவர்கள் இன்னமும் விடவில்லை.

மகளிர் சுயஉதவிக் குழுக்களைப் பற்றியும் ஒரு சொல். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய அந்த முறை கூட்டம் நடத்தவும், ஊக்குநரைத் தேர்ந்தெடுக்கவும், பதிவேட்டில் எழுதவும், கணக்குக் கேட்கவும் லட்சக்கணக்கான பெண்களைப் பழக்கியது. கட்சிக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கருவியாக அவற்றை மாற்றியதும், வாராந்தரக் கடன் வசூலின் கிளையாக ஆக்கியதும் பெரிய அநீதி என்பது என் கருத்து. ஊர் முழுவதிலும் ஒழுங்காகக் கூடி வாக்கெடுத்து முடிவு செய்யத் தெரிந்த ஒரே அமைப்பு பல இடங்களில் அந்தக் குழுதான்.

இனி உங்கள் ஊர்க்கூட்டம். ஊர்க்கமிட்டி சட்டத்தால் அமைந்ததன்று. ஆகவே அதில் பெண்களைச் சேர்க்கும்படி ஊராட்சிச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. ஆனால் குடும்ப வழக்கில் அது வழங்கும் தீர்ப்புக்கும் சட்ட வலு கிடையாது. அதை ஏற்க மறுக்கும் பெண் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் உதவி பெறலாம், அதற்கு வருமான வரம்பும் பெண்களுக்கு இல்லை. இதை ஊரில் உள்ள ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருந்தாலே கூட்டத்தின் பேச்சுமுறை மாறத் தொடங்கும், ஏனெனில் வேறு வழி உள்ளவரிடம் யாரும் கட்டளையிட்டுப் பேசுவதில்லை.

கிராம சபை வேறு வகை. அது சட்டப்படி ஊரின் ஒவ்வொரு வாக்காளருக்கும் உரிய கூட்டம். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்திலும் அது நடக்கும், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும். குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டியவர்களின் குறைந்தபட்ச எண்ணிக்கை, மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 பேர் வரை 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆண்கள் கடலிலும் வெளிநாட்டிலும் இருக்கும் ஊரில் பெண்கள் வராமல் அந்த எண்ணிக்கை நிறைவது கடினம். அதனால்தான் ஊரக வேலைத் திட்டப் பணிக்கு வந்த பெண்களை அழைத்து உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன் வரவு செலவு அறிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். குழுக்களில் முன்கூட்டியே பேசி, மூன்று கோரிக்கைகளுக்கு மேல் போகாமல் எழுதி எடுத்துச் சென்று, அவை தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறிய பிறகு கையெழுத்திடலாம். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டும் வேலையை உங்களைப் போன்ற மாணவியர் ஏற்றுக்கொண்டால், பல அம்மாக்களும் அத்தைகளும் பேசத் துணிவார்கள். மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கம் உங்கள் ஊரில் இயங்குகிறதா, அதன் உறுப்பினர் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள், அதன் நிர்வாகக் குழுவுக்குத் தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது என்பதையும் மீன்வளத் துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டுமென்றால் அதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்பது நல்லது.